காத்திருக்கும்போது சகுனம், முடிந்த பிறகு தலையெழுத்து

கேள்வி இதுதான்: ராசி, சகுனம், தலையெழுத்து என்று யார் பேசினாலும் கிண்டலடித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், தொழிலில் நொடித்து, அடுத்த வருடமே மாரடைப்பில் பிழைத்து எழுந்த பிறகு எல்லாவற்றையும் நம்ப ஆரம்பித்துவிட்டார். கிட்டத்தட்ட அதே மாதிரி அடிபட்ட இன்னொருவரோ, இருந்த நம்பிக்கையையும் உதறிவிட்டார். தோல்வியும் சாவும் ஒரு மனிதனை எந்தப் பக்கம் தள்ளும்?

எந்தப் பக்கமும் தள்ளும். அதோடு நிறுத்தினால் பதில் சொன்னதாக ஆகாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். யாரை, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் என்பதில் ஓரளவு ஒழுங்கு இருக்கிறது. ஆனால் விதியையும் மூடநம்பிக்கையையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கும்வரை அந்த ஒழுங்கு கண்ணில் படாது. நானும் ரொம்ப காலம் அப்படித்தான் கட்டி வைத்திருந்தேன்.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாள் இருந்தார். இரண்டாம் நாள் மாலை டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் பரவாயில்லை" என்றார். அன்று நான் போட்டிருந்தது ஒரு முழுக்கை நீலச் சட்டை. இடது கையில் பொத்தான் இருக்காது. மறுநாளும் அதையே மாட்டிக்கொண்டு போனேன். கைக்கு அதுதான் கிடைத்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் தங்கை, "அண்ணா, சட்டைய மாத்திட்டு வாயேன், வேர்வை நாத்தம் அடிக்குது" என்றாள். ராத்திரி மாற்றிக்கொள்கிறேன் என்றேன், மாற்றவில்லை. வராந்தாவில் கதவிலிருந்து மூன்றாவது நாற்காலியில்தான் உட்காருவேன். அதில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டிருப்பேன். கல்லூரி நாளிலிருந்து சகுனம் பார்ப்பவர்களோடு சண்டை போட்டு வந்தவன் நான். அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கும் என் சட்டைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போட்டுக்கொண்டேன்.

பதினோராம் நாள் விடிகாலையில் அப்பா போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டேன். அதன் பிறகு அது வெறும் துணி. அன்று மதியம் யாரோ துக்கம் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது: "அவர் ஆயுசு அவ்வளவுதான்."

காலையில் கழற்றிய சட்டையையும் மதியம் சொன்ன அந்த வாக்கியத்தையும் பல மாதம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சட்டை, நாற்காலி, வலது கால், ராசியான எண் எல்லாம் காரியம் இன்னும் முடியாதபோது தேவைப்படுபவை. விதி என்பது காரியம் முடிந்த பிறகு தேவைப்படுவது. பரீட்சை எழுதப் போகிறவர் "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு போவதில்லை, ராசியான பேனாவைத் தேடுகிறார். ரிசல்ட் வந்த பிறகு அந்தப் பேனாவைப் பற்றிப் பேச்சே இருக்காது. சகுனம் "சும்மா இருக்காதே, ஏதாவது செய்" என்று அரிக்கும். விதி "செய்தது போதும், உட்கார்" என்று தோளைத் தட்டும். ஒரே மனிதனுக்கு ஒரே நாளில் இரண்டும் தேவைப்படலாம்.

முதல் பாதிக்கு நல்ல சாட்சி இருக்கிறது. போலந்தில் பிறந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி, முதல் உலகப்போர்க் காலத்தில் நியூ கினிக்குப் பக்கத்தில் உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்கே மீன் பிடிப்பது இரண்டு விதம். கரையை ஒட்டிய காயலில், செடியிலிருந்து எடுத்த நஞ்சைக் கலந்து பிடிப்பார்கள். அதில் ஆபத்தில்லை, மீனும் நிச்சயம். திறந்த கடலில் மீன் கிடைக்குமா என்பதும் சந்தேகம், போனவர் திரும்புவாரா என்பதும் சந்தேகம். காயல் மீன்பிடிக்கு மந்திரம் எதுவும் இல்லை, கடல் மீன்பிடிக்கு மட்டும் விரிவான சடங்குகள் இருந்தன என்று அவர் எழுதினார். அறிவில்லாதவன்தான் மந்திரத்தை நம்புவான் என்பது உண்மையானால் இரண்டு இடத்திலும் மந்திரம் இருந்திருக்க வேண்டும். ஆட்கள் அதேதான். மாறியது தண்ணீரின் ஆழமும் அதோடு வரும் நிச்சயமின்மையும். ஜார்ஜ் க்மெல்க் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பேஸ்பால் ஆடியவர். பந்து வீசுவதிலும் அடிப்பதிலும் ஆட்டக்காரர்களுக்கு ஆயிரம் சடங்கு, அநேகமாகத் தவறவே விடாத ஃபீல்டிங்கில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று 1971ல் எழுதினார். அதே கதை, வேறு மைதானம்.

உயிர் பயம் வரும்போதும் இதுதான் நடக்கிறது. 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல்மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்தன. கியோரா கெய்னன் என்ற உளவியலாளர் 174 பேரிடம் விசாரித்தார். ஏவுகணை விழும் ஊர்களில் இருந்தவர்களிடம், பாதுகாப்பான ஊர்களில் இருந்தவர்களைவிட மாயச் சிந்தனை அதிகம் இருந்தது. பாதுகாப்பு அறைக்குள் வலது காலை முதலில் வைத்துப் போவது நல்லது என்கிற மாதிரியான எண்ணங்கள் அவை. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. ஆபத்தின் பாதிப்பு எல்லார்மேலும் ஒரே அளவில் இல்லை. "என்ன ஆகும் என்று தெரியாது" என்ற நிலையைத் தாங்கிக்கொள்ள முடியாத சுபாவம் உள்ளவர்களிடம்தான் அது மிக அதிகமாக ஏறியது. கேள்வியில் வரும் இரண்டு பேரில் ஒருவர் ஏன் அந்தப் பக்கம் போனார் என்பதற்கு இங்கே ஒரு துப்பு கிடைக்கிறது. அவர் கிண்டலடித்தபோதுகூட நிச்சயத்தை நேசித்தவராக இருந்திருக்கலாம். "எல்லாம் என் கையில்" என்பதும் ஒரு நிச்சயம்தானே. அது உடைந்ததும், அதே எடையுள்ள இன்னொன்றை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறார்.

சட்டைக்கு எப்படிச் சக்தி வந்தது என்றால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். 1948ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசியோடிருந்த எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் சரி என்று 15 வினாடிக்கு ஒருமுறை தீனி வரும்படி ஏற்பாடு செய்தார். ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று தலையை ஒரு மூலையை நோக்கித் தூக்கித் தூக்கிக் காட்டியது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதுவே வழக்கமாகிவிட்டது என்பது அவர் விளக்கம். பின்னால் வந்தவர்கள் வேறு விளக்கமும் சொன்னார்கள். எப்படியானாலும், "கொஞ்சம் பரவாயில்லை" என்று டாக்டர் சொன்ன நிமிடத்தில் நான் என்ன போட்டிருந்தேன் என்பதை நினைத்தால் புறாவைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை.

இப்போது தோல்விக்கு வருகிறேன். ஒரு தோல்வி பொதுவாக யாரையும் விதிவாதி ஆக்குவதில்லை. முதல் தடவை விழுந்தவர் காரணம் தேடுவார்: பணம் போதவில்லை, கூட்டாளி சரியில்லை, அவசரப்பட்டுவிட்டோம். மூன்றாவது தடவை, நாலாவது தடவை விழும்போதுதான் தொனி மாறும். செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் 1967ல் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். தப்பிக்க வழியே இல்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு வழி திறந்திருந்தபோதும் படுத்தே கிடந்தன. இயலாமையை அவை "கற்றுக்கொண்டன" என்றார்கள். பலரும் கவனிக்காதது, 2016ல் அதே இருவர் அந்த முடிவைத் திருப்பிப் போட்டதை. நீண்ட துன்பத்தில் சுருண்டுவிடுவது கற்றுக்கொண்ட பழக்கமல்ல, மூளையின் இயல்பான பதிலே அதுதான், "நம் செயலால் பலன் உண்டு" என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று எழுதினார்கள். இதைப் படித்த பிறகு, அடிமேல் அடி வாங்கியவர் "எல்லாம் விதி" என்னும்போது அவரைச் சோம்பேறி என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. கற்ற பாடம் கரைந்துபோய், பிறவியிலேயே இருந்த ஒன்று மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தனி மனிதருக்கு நடப்பது ஒரு நாட்டுக்கும் நடக்கும். 1918 முதல் 1940 வரையிலான ஜெர்மனியை எடுத்துக்கொண்டு பேட்ஜெட், ஜோர்கன்சன் என்ற இருவர் பார்த்தபோது, பொருளாதாரம் மோசமான ஆண்டுகளில் ஜோதிடம் பற்றிய எழுத்தும் பெருகியிருந்தது தெரிந்தது. வேலை போகுமா என்று தெரியாத ஊரே ஒரு திறந்த கடல்தான்.

ஆனால் தோல்வியில் இன்னொரு வினோதமும் உண்டு. எது நடந்தாலும் காரணம் வேண்டும், அது தன்னையே குத்தினாலும் பரவாயில்லை என்று மனிதர்கள் நினைக்கிறார்கள். 1977ல் வெளியான ஓர் ஆய்வில், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு உடல் செயலிழந்த 29 பேரிடம் பேசினார்கள். "எனக்கு ஏன் இப்படி?" என்று கிட்டத்தட்ட எல்லாருமே தங்களைக் கேட்டிருந்தார்கள், கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாரிடமும் ஏதோ ஒரு பதில் இருந்தது. கடவுளுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்பது அதில் அடிக்கடி வந்த பதில். அடுத்தவர்மேல் பழி போட்டவர்களைவிட, தவறு தன்னுடையது என்று ஏற்றவர்கள் நிலைமையை நன்றாகச் சமாளித்தார்கள். சின்ன ஆய்வுதான். பிந்தைய ஆய்வுகள் எல்லாம் இதே முடிவுக்கு வந்துவிடவும் இல்லை. ஆனாலும் அதன் உள்ளே இருப்பதை எளிதில் தள்ளிவிட முடியாது: "இது வெறும் தற்செயல்" என்பதுதான் மனிதனால் விழுங்க முடியாத பதில். என் தப்பு என்றால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். விதி என்றால் குறைந்தபட்சம் எழுதிய கை ஒன்று இருக்கிறது. தற்செயல் என்றால் யாருமே இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்த 78 பெண்களிடம் ஷெல்லி டெய்லர் என்ற உளவியலாளர் பேசியபோதும் 95 சதவீதம் பேர் தங்கள் நோய்க்கு ஏதோ ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மன அழுத்தம், பரம்பரை, மார்பில் பட்ட அடி என்று ஆளுக்கொன்று. எந்தக் காரணம் என்பதைப் பொறுத்து மனநிலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதே பசிக்கு ஓர் அசிங்கமான முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966ல் காட்டியது: இன்னொருத்திக்கு மின் அதிர்ச்சி கொடுக்கப்படுவதாக நம்ப வைக்கப்பட்டு, அதைத் தடுக்கவும் வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் போகப் போக அவளையே மட்டமாகப் பேச ஆரம்பித்தார்கள். "அவன் வினை, அவன் அனுபவிக்கிறான்" என்பதை நாம் எப்போது சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தன் தோல்விக்கு விதி என்று சொல்வது மருந்தாக இருக்கலாம். அடுத்தவன் தோல்விக்கு அதைச் சொல்வது பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்வதுதான்.

சரி, மரணம்? மரணத்தை நினைத்தாலே மனிதன் தன் நம்பிக்கைகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான் என்ற கோட்பாடு 1980களிலிருந்து புகழ்பெற்றது. நானும் பல வருடம் அதைப் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். பின்னாளில் 21 ஆய்வகங்கள் சேர்ந்து அதன் அடிப்படைப் பரிசோதனை ஒன்றைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதனால் அதை இப்போது அடக்கித்தான் வாசிக்கிறேன். ஒரு மேசையில் உட்கார வைத்து, "உன் சாவைப் பற்றி இரண்டு பத்தி எழுது" என்று கேட்பதற்கும், நிஜமாகவே மார்பில் வலி வருவதற்கும் உள்ள தூரம் சின்னதல்ல.

நிஜத்திலேயே போய்வந்த ஒருவரைச் சொல்கிறேன். ஏ. ஜே. அயர், பிரிட்டிஷ் தத்துவ அறிஞர், பெயர்போன நாத்திகர். 1988ல் மருத்துவமனையில் இருந்தபோது மீன் துண்டு தொண்டையில் சிக்கி, இதயம் நான்கு நிமிடம் நின்றுபோயிற்று. பிழைத்து எழுந்தவர், கண்ணை வலிக்கச் செய்யும் ஒரு சிவப்பு ஒளியைப் பார்த்ததாகவும், பிரபஞ்ச நிர்வாகத்தின் பொறுப்பு அதனிடம் இருப்பதாகத் தோன்றியதாகவும் பத்திரிகையில் எழுதினார். செத்தால் எல்லாம் முடிந்தது என்ற தன் உறுதி சற்றுத் தளர்ந்திருக்கிறது என்றும் எழுதினார். கொஞ்ச நாளில் அதைத் திருத்திக்கொண்டார்: தளர்ந்தது அந்த உறுதி இல்லையாம், அதைப் பற்றிய தன் விறைப்பான மனோபாவம்தானாம். மறுவருடம் காலமானார். எனக்கு இந்தத் திருத்தம்தான் பிடித்த இடம். ஒரு மனிதன் தான் நம்புவது இன்னது என்று தேடி, தன் வாக்கியத்தையே மறுபடி அடித்து எழுதுகிறான். நியூசிலாந்தில் 2012ல் வெளியான ஓர் ஆய்வும் இதை ஒட்டியே போகிறது. மரணத்தை நினைவூட்டியபோது மத நம்பிக்கை இல்லாதவர்கள் வாயால் தங்கள் மறுப்பை விடவில்லை. ஆனால் கடவுள், ஆன்மா போன்றவை இல்லை என்று பொத்தானை அழுத்த அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது.

மாரடைப்பில் பிழைத்த அந்த நண்பர் விஷயத்துக்கும் இங்கேதான் வர வேண்டும். பிழைத்தவருக்கு "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று தோன்றுவது இயற்கை. அதிலிருந்து "ஏதோ ஒன்று என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது" என்பதற்கு ஒரே எட்டுதான். நெதர்லாந்தில் 2001ல் வெளிவந்த ஆய்வில், இதயம் நின்று பிழைத்த 344 பேரில் 62 பேர் மரணத்தறுவாய் அனுபவம் இருந்ததாகச் சொன்னார்கள். எட்டு வருடம் கழித்து விசாரித்தபோது, அந்த அனுபவம் இருந்தவர்களுக்குச் சாவு பயம் குறைந்திருந்தது, மறுமை நம்பிக்கை கூடியிருந்தது. இப்படிப்பட்டவருக்கு எதிர்வாதம் 2,000 வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. கடல் புயலில் தப்பியவர்கள் கோயிலில் மாட்டியிருந்த நேர்த்திப் படங்களைக் காட்டி, "இதைப் பார்த்தும் தெய்வங்களை நம்பவில்லையா?" என்று டயகோரஸ் என்ற கிரேக்க நாத்திகரைக் கேட்டார்களாம். "மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?" என்றாராம் அவர். ரோமானிய அறிஞர் சிசரோ எழுதி வைத்த கதை. வாதம் பிசகில்லாதது. ஆனால் மூழ்கிப் பிழைத்தவனிடம் போய் அன்றைக்கே சொல்லக்கூடியது இல்லை.

சாவு நிச்சயம் என்று ஆகிவிட்டால் என்ன ஆகும்? நான் பார்த்தவரை, சகுனம் குறைகிறது. இது ஆய்வு முடிவு இல்லை, என் கண்ணால் பார்த்தது. இனி இழுக்க வேண்டிய முடிவே இல்லாதபோது கயிறு எதற்கு? அதுவரை எண்ணும் நாளும் பார்த்துக்கொண்டிருந்த சிலர், மருத்துவர் கையை விரித்த பிறகு அவற்றை விட்டுவிட்டு, யாரைப் பார்க்க வேண்டும், எந்த விஷயத்தை முடித்து வைக்க வேண்டும் என்று இறங்கிவிடுகிறார்கள். ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் வேறு வழியில் போனார். 1982ல் அவருக்கு வயிற்று உறையில் அரிய வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. நூலகத்தில் தேடினால், நோய் தெரிந்த பிறகு வாழும் காலத்தின் இடைநிலை எட்டு மாதம் என்று இருந்தது. மற்றவருக்கு அது தீர்ப்பு. புள்ளியியல் தெரிந்த அவருக்கு, பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேலும் வாழ்கிறார்கள், அதில் சிலர் வெகுதூரம் போகிறார்கள் என்று பட்டது. அவர் 20 வருடம் வாழ்ந்து, 2002ல் வேறொரு புற்றுநோயில் இறந்தார். தன் புரிதலால்தான் பிழைத்தார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு நீலச் சட்டை ஆகிவிடும். எண்ணை விதியாகப் படிக்காமல் எண்ணாகப் படித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொருவர் ஏன் எல்லாவற்றையும் உதறினார் என்பது பாக்கி. நம்பிக்கையை ஒப்பந்தமாக வைத்திருந்தவர்கள் அடிபடும்போது பெரும்பாலும் இப்படி ஆகும். நான் இதைச் செய்கிறேன், நீ அதைக் கொடு. எதிராளி வாக்குத் தவறினால் கணக்கை முடித்துவிடுவார்கள். 1755 நவம்பர் 1, புனிதர்கள் அனைவருக்குமான திருநாளன்று காலை, ஜனங்கள் வழிபாட்டில் இருந்த நேரத்தில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்திலும் கடல் பெருக்கிலும் நெருப்பிலும் அழிந்தது. மலக்ரிடா என்ற பாதிரியார், இது பாவத்தின் சம்பளம், கட்டடம் கட்டுவதை விட்டுப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று பிரசங்கித்தார். பின்னாளில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்ட அமைச்சரோ, ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்: ஆட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள். அதே இடிபாடுகளைப் பார்த்துத்தான் இருவரும் பேசினார்கள். வாழ்க்கை அதுவரை எதைக் கேட்கப் பழக்கியிருந்ததோ அந்தக் கேள்விதான் அடிபட்டதும் முதலில் வாயில் வருகிறது.

விதியை நம்புவதும் முயற்சி செய்வதும் ஒன்றோடொன்று மோதியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஊழைவிட வலியது எது என்று 380வது குறளில் கேட்டவரேதான், தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்று 620வது குறளில் சொல்கிறார். முரண்பாடு என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒன்று முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறவனுக்கு, மற்றது எதிரே நிற்கிறவனுக்கு. இடம் மாற்றிப் போட்டால்தான் வம்பு: இன்னும் முடியாத காரியத்துக்கு "விதி" என்று உட்கார்ந்துவிடுவது, முடிந்துபோனதற்கு "அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்" என்று வருடக்கணக்கில் புழுங்குவது.

எனவே அந்த நண்பரோடு வாதம் செய்ய வேண்டாம். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, மறுபரிசோதனைக்குப் போகிறாரா? போகிறார் என்றால் கையில் என்ன கட்டியிருந்தால் என்ன. அப்புறம், தோற்ற தொழிலின் கணக்குப் புத்தகத்தை அவர் மறுபடி திறந்து பார்த்தாரா? விதி என்ற சொல் அந்தப் புத்தகத்தின் மேல் வைத்த கல்லாக இருந்தால், அதை ஒருநாள் மெதுவாக நகர்த்த உதவலாம்.

போன வருடம் எனக்கே ஒரு பரிசோதனை முடிவு வாங்கப் போக வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தால் அந்த நீலச் சட்டை மேலாக இருந்தது. யாரோ பொத்தான் தைத்து வைத்திருந்தார்கள். கை அதன் பக்கம் போயிற்று. சீச்சீ, இந்த வயதில் இது என்ன என்று நினைத்துக்கொண்டு வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாதி வழியில்தான் உறைத்தது, அதை விட்டுவிட்டு வந்தது நம்பிக்கை இல்லாததால் இல்லை. அப்பாவைக் காப்பாற்றாத சட்டை அது.